காய்க்காத மரத்துக்கு ஒரு கையெழுத்து

சுரங்கத்தின் நர்சரியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'கேமரா'. தண்ணீர் லாரி ஓட்டும் என்னைக்கூட விடமாட்டார். ஏணியில் ஏறி டேங்கை எட்டிப் பார்த்த பிறகுதான் வால்வைத் திறக்க விடுவார். பதினோரு வருஷத்தில் ஒரு குடம் தண்ணீர் நான் வெளியே கொடுத்ததில்லை. இருந்தும் எட்டிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரையும் குறை சொல்ல முடியாது. தோண்டி முடித்த பள்ளத்தை மூடி, இந்த மண்ணுக்கே உரிய மரங்களை அதன்மேல் நடவேண்டும் என்பது சுரங்கத்துக்கான நிபந்தனை. வெட்டக்கூடாத மரங்களுக்கு வெள்ளை வளையம் பூசியிருப்பார்கள். ஒரு தடவை அக்கா லீவு முடிந்து வந்து பார்த்தால் வளையம் போட்ட மரம் இரண்டைக் காணோம். "காத்துல விழுந்துடுச்சு" என்றார்கள். அந்த வாரம் இலைகூட அசையவில்லை.

மேற்குக் கரையில் கருப்புப் பட்டை மரங்கள் இரண்டே மிச்சம். ஒன்று வருஷம் தவறாமல் காய்க்கும். நர்சரியில் உள்ள அந்த இனக் கன்றுகள் எல்லாம் அதன் விதையில் வந்தவை. மற்றது பூக்கும், அவ்வளவுதான். "தண்டச்சோறு" என்று அக்கா அதைத் திட்டுவார்.

லாரிப் பாதையை அகலப்படுத்த ஒரு சர்வேயர் வந்தார். எப்போதும் சிரித்த முகம். அக்காவுக்கு அதுவே ஆகவில்லை.

"ரெண்டையும் விட்டுடலாம்க்கா. பாதையைக் கொஞ்சம் வளைக்கணும். மேல கேட்டு வாங்க ஒரு மாசம் ஆகும்."

அவர் போனதும் அக்கா என்னிடம் திரும்பினார். "ஒரு மாசமாம். அதுக்குள்ள காய்க்கிறதும் காத்துல விழுந்துடும். இவங்க வேலை எனக்குத் தெரியாதா?"

அன்றே ஆபீசுக்குப் போனார். காய்க்காததை எடுத்துக்கொள்ளலாம், காய்க்கிறதைத் தொடக்கூடாது என்று எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கித் தானும் போட்டார். மறுநாள் தண்டச்சோறு சாய்ந்தது. அக்கா கெட்டிக்காரிதான் என்று நானும் நினைத்தேன்.

அடுத்த வருஷம் காய்க்கிற மரம் நிறையப் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

சர்வேயர்தான் வேரில் ஏதோ ஊற்றிவிட்டார் என்று அக்கா சத்தியமே செய்தார். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினார். என் டேங்க் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தார். கடைசியில் கல்லூரியிலிருந்து ஒரு தாவரவியல் டீச்சரை வரவழைத்தார்.

டீச்சர் ஒரு பூவை நகத்தால் பிளந்து பார்த்தார். "மரத்துக்கு ஒண்ணும் இல்லீங்க. இது பெண் மரம். இந்த இனத்துல ஆண் மரம் தனியா இருக்கும். அது பூக்கும், காய்க்காது. பக்கத்துல ஒண்ணு நின்னிருக்கணுமே, எங்க அது?"

சர்வேயரும் அங்கேதான் நின்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"என் கன்னுங்கள்ல ஆண் இருக்குமா?" என்று கேட்டார் அக்கா.

"கண்டிப்பா இருக்கும். பூத்தாத்தான் எதுன்னு தெரியும். பதினஞ்சு வருஷம் ஆகும்."

அக்கா ஓய்வுபெற இன்னும் நாலே வருஷம்.

மறுநாள் நர்சரி வாசலில் லாரியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அக்கா ஏணிப் பக்கம் வரவேயில்லை. கன்றுகளுக்கு நடுவே நின்றபடி, திறந்துக்கோ என்று கையைக் காட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு தடவை எட்டிப் பாருங்கக்கா."

"எதுக்கு? கையெழுத்துப் போட்டது நீயில்லையே."