வாய்க்காலில் துலா

வன்னியில், உருத்திரபுரத்தில் எங்களுக்குக் காணி கிடைத்து லொறியில் சாமான் ஏற்றியபோது, கட்டிலை விட்டுவிட்டு என் கணவர் துலாவை ஏற்றினார். யாழ்ப்பாணத்தில் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற அந்த நீண்ட மரத்தின் மேல் ஏறி, முன்னும் பின்னும் நடந்து நடந்தே ஆளானவர் அவர். வன்னியில் குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் தானாக வயலுக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒருவரையும் நம்பவில்லை. அந்த ஆண்டு முழுவதும் நான் நிலத்தில் படுத்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதல் போகம் மழையில் விளைந்துவிட்டது. அடுத்தது சிறுபோகம், குளத்தை நம்பிச் செய்வது. கதிர் வரப்போகிற நேரம் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை ஒரு காலைப்பொழுது மட்டும். மத்தியானம், தண்ணீரைப் பங்கிட்டுவிடுகிற விதானையார் வந்து அடைத்துவிடுவார். அடுத்த முறை வர எட்டு நாளாகும், அதற்குள் அத்தனையும் வைக்கோல்.

அன்று விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால், வாய்க்கால் கரையில் துலா நிற்கிறது. முதல்நாள் பொழுதுபடும்வரை அவர் வயலில் என்ன செய்தார் என்று அப்போதுதான் விளங்கியது. வயலுக்குள் தண்ணீர் போகிற வாயையும் மண் போட்டு அடைத்திருந்தார்.

“சும்மா ஓடிவாற தண்ணியில நெல்லு விளையுமெண்டு ஆர் சொன்னது? இறைச்சாத்தான் பயிருக்குப் பிடிக்கும். இறங்கிப் பட்டையைப் பிடியும்,” என்றார்.

இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. முழங்காலளவு வாய்க்காலில் நின்று துலாவில் தொங்கிய ஓலை வாளியான பட்டையை நான் அமிழ்த்த, என் தலைக்கு மேலே அவர் துலாவில் நடந்தார். பட்டை நாலடி மேலே வரும். நான் அதை வயலுக்குள் கவிழ்ப்பேன். அதற்குள் என் காலை உரசிக்கொண்டு நூறு பட்டைத் தண்ணீர் அடுத்தவன் வயலுக்கு ஓடிவிடும். அவர் மேலிருந்து பட்டையை எண்ணிக்கொண்டே நடந்தார், முகத்தில் அப்படியொரு திருப்தி.

விதானையார் சைக்கிளில் வந்து இறங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, வாய்க்காலுக்குள்ள கிணறு வெட்டியிருக்கிறீரோ?”

“இல்லை ஐயா, இறைக்கிறம்.”

“அது தெரியுது. ஏன்?”

அவர் மேலே எண்ணிக்கொண்டு நடந்தபடியே இருந்தார். “மத்தியானம் வந்து அடைப்பன்,” என்று சொல்லிவிட்டு விதானையார் போய்விட்டார். திரும்பிப் பார்த்தேன். வயலின் ஒரு மூலையில், ஒரு பாய் விரிக்கிற அளவு நனைந்திருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டையை எறிந்துவிட்டு மண்வெட்டியை எடுத்து, அடைத்த வாயை ஒரே வெட்டாக வெட்டினேன். நான் கைவிட்டதும் துலா ஆடியது. அவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

தண்ணீர் உள்ளே நுழைந்தது. வெடிப்புக்குள் இறங்கி, நிறைந்து, அடுத்த வெடிப்பைத் தேடிப் போனது. நண்டு வளைகளிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. எங்கிருந்தோ கொக்குகள் இறங்கின. ஒருவரும் தள்ளவில்லை, ஒருவரும் தூக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அவர் இறங்கி வந்து வரம்பில் குந்தினார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், பிறகு முழங்காலில் வைத்தார். தண்ணீர் கடைசி வரம்பைத் தொட்டது. பயிர் தப்பிவிட்டது. அவரைப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

“அப்ப நான் என்னத்துக்கு?” என்றார்.

பகிடி பண்ணத்தான் வாயைத் திறந்தேன். பகிடி வரவில்லை.

“என்னோட இருந்து பாக்கிறதுக்கு,” என்றேன்.

மத்தியானம் விதானையார் வந்து அடைக்கும்வரை இருந்தோம். கலியாணம் முடித்து ஆறு வருடம். பகல் வெளிச்சத்தில், கையில் ஒரு வேலையும் இல்லாமல், நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அன்றுதான் முதல் தடவை.