பத்து ஜின்பெய்களின் விடுதி

குருமியா விடுதியின் வரலாற்றைக் கேட்டால் பத்து ஆண்களைச் சொல்வார்கள். பத்துப் பேருக்கும் ஒரே பெயர். பொறுப்புக்கு வருகிறவர் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஜின்பெய் ஆகிவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். முதல் ஜின்பெய் வெந்நீர் ஊற்றைக் கண்டார், நான்காமவர் பிரபுக்களுக்கு விருந்து வைத்தார், ஏழாமவர் தோட்டம் போட்டார். அடுப்படியில் வெந்தவர்கள் யாரென்று ஒருவரும் எழுதவில்லை.

மீன் வியாபாரி மகள் இசொகோ பத்தாம் ஜின்பெயைக் கட்டிக்கொண்டு வந்தவள். மாமியாருக்குப் பின் அவள்தான் ஒகாமி, விடுதியின் தலைவி. பேர்தான் தலைவி. அமைச்சர்களே வாடகையைக் கேட்டு யோசிக்கும் அந்த விடுதியில், அறை அறையாக மண்டியிட்டு வணங்கியே அவள் முழங்கால் தேய்ந்தது. நிலநடுக்கத்தில் ஊற்று வற்றியபோது கணவர் கவலை தாங்காமல் கோல்ஃப் ஆடப் போனார். மலைமேல் புது ஊற்றுத் தோண்டிய ஆட்களோடு சேற்றில் நின்றவள் இவள். வரலாற்றில் அது ‘பத்தாமவர் கண்ட ஊற்று’. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

தனக்குப் பின் மகள் கயோதான் என்று இசொகோ நம்பியிருந்தாள். சமையற்கட்டு முதல் வாசல்வரை எல்லாம் கயோதான் பார்த்தாள். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் காலை, தேநீர் குடித்தபடியே கணவர் குண்டைப் போட்டார்.

“தகுமாவை வரச் சொல்லியிருக்கேன். நாளையிலேருந்து அவன்தான் ஜின்பெய்.”

“உங்க தம்பி மகனா? போன தடவை செருப்போட பாய்மேல நடந்தானே, அந்த பேங்க்காரனா?”

“பொம்பளைக்கு ஜின்பெய்னு பேரு வைக்க முடியுமா?”

“அந்தப் பேரை வெச்சுக்கிட்டு நீங்க என்னத்தைக் கிழிச்சீங்க?”

“வாயை மூடு. நாளைக்குக் குனியறது மட்டும்தான் உன் வேலை.”

அதுவும் வழக்கம்தான். புதியவர் பெயரை அறிவித்ததும் ஒகாமி நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். அவள் குனிவதைப் பார்த்துப் பணியாளர்களும் அவரை வணங்குவார்கள். அதற்குப் பிறகுதான் பட்டம் செல்லும்.

மறுநாள் விருந்துக்கூடத்தில் கணவர் தகுமாவின் பெயரைச் சொன்னார். இசொகோ நிமிர்ந்தே இருந்தாள். பின்வரிசைகளில் இருந்த பணியாளர்களில் ஒரு தலையும் அசையவில்லை.

“குனி” என்று பல்லைக் கடித்தார் கணவர்.

இசொகோ மண்டியிட்டபடியே திரும்பி, கடைசி வரிசையில் இருந்த கயோவைப் பார்த்து நெற்றி தரையில் பட வணங்கினாள். கூடம் முழுக்கப் பட்டுத்துணி சரசரத்தது. பணிப்பெண்களும் சமையல்காரர்களும் அதே பக்கம் குனிந்திருந்தார்கள்.

“இனிமே இது உன் வீடு, கயோ” என்றாள் இசொகோ. “எவன் சொன்னாலும் உன் பேரை மட்டும் மாத்திக்காதே.”