பிள்ளைக் காம்பரா வாசலில் கண்டிப்பு

பிள்ளைக் காம்பரா வேலை என்பது ஊரார் பிள்ளைகள் எல்லாருடைய அழுகையையும் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருப்பது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் விட்டுப்போகிற தொட்டில்களுக்கு நடுவே நிற்கும் ஆயம்மாமாரே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொன்வெந்தில் படித்தவள், கண்டிப்பாக இருப்பாள் என்றுதான் தோட்டத்துத் துரை எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். கொன்வெந்தில் கண்டிப்பு என்றால் வாய் திறக்காமல் இருப்பது. தலவாக்கலைத் தையல்காரர் "கண்டிப்பா நாளைக்கு" என்றால் அடுத்த மாதம். கண்டிப்பில் மீதித் தினுசுகளை இங்கேதான் கண்டேன்.

டிஸ்பென்சர் ஐயா

வட்டகொடைப் பக்கம் சின்னமுத்து அம்மை பரவியது. உடம்பு சுடுகிற பிள்ளையை உள்ளே எடுக்கவே கூடாது என்று தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா உத்தரவு போட்டார். என் மகள் ரோசாவும் அந்தத் தொட்டில்களில் ஒன்றில்தான் கிடக்கிறாள். அவர் சொல்லாவிட்டாலும் நான் எடுத்திருக்கமாட்டேன்.

எவ்வளவு சுட்டால் காய்ச்சல் என்று கேட்டேன். தோட்டத்துக்கு ஒரே தெர்மோமீட்டர். அதை அவர் யார் கையிலும் கொடுக்கமாட்டார். யாழ்ப்பாணத்து நிதானத்தோடு சொன்னார்: "உங்கட கை இருக்குத்தானே, பிள்ளை. அது பிழை விட்டா எல்லாத் தொட்டிலுக்கும் முத்து வரும்."

கங்காணி

கொழுந்தை அமுக்கி அடைத்தால் கூடைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். கங்காணி கையை விட்டுப் பார்ப்பார். சுட்டால் ஏச்சுத்தான்.

பால் கொடுக்க வந்த ஒருத்தி நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று குடைக்காம்பால் தட்டினார். பிள்ளை இன்னும் குடித்து முடியவில்லை என்றேன். "கொழுந்து சூடாச்சுன்னா பக்டரியில என்னையக் கேப்பாங்க ஆயம்மா. புள்ள சூடாச்சுன்னா ஒங்களத்தான் கேப்பாங்க. அவங்கவங்க கூடைய அவங்கவங்க பாப்போம்."

செல்லம்மா

விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் கோப்பைகளைக் கழுவிவிட்டு வாசலுக்கு வரும்போது என் கை விறைத்திருக்கும். அந்தக் கைக்கு எந்தப் பிள்ளையும் சுடத்தான் செய்யும். செல்லம்மாவின் மகனை இரண்டு நாளாகத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளும் அவளுக்குப் பேர் விழவில்லை, நாள் சம்பளம் போயிற்று. ரோசாவை மட்டும் அடுப்பு அனலில் கையைக் காட்டிக்கொண்டுதான் தூக்குவேன். சில்லென்று பட்டால் வீரிடுவாள்.

மூன்றாம் நாள் வரிசையில் நின்று செல்லம்மா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "எங்க புள்ளைங்களுக்குப் பச்சத்தண்ணிக் கையி, ஒங்க புள்ளைக்கு அடுப்புக் கையா?"

வரிசை முழுவதும் என்னையே பார்த்தது. விறைத்த கையை ரோசாவின் நெற்றியில் வைத்தேன். சுட்டது. காய்ச்சலா, என் கையின் குளிரா, எனக்குத் தெரியவில்லை. சட்டப்படி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். காம்பரா பூட்டினால் யாரும் மலைக்குப் போக முடியாது. செல்லம்மாதான் மகனை, அன்றைக்கு மலைக்குப் போகாமல் நின்ற மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, என் கையிலிருந்த சாவியை வாங்கினாள். "நீங்க போங்க ஆயம்மா, நான் பாத்துக்கிறேன். திரும்பி வர்றப்ப வரிசையில நில்லுங்க. நான் தொட்டுப் பாத்துத்தான் ரோசாவ உள்ள விடுவேன்."

இதுவரை ரோசாவுக்கு முத்து ஒன்றும் போடவில்லை, சூடும் இறங்கியது போலத்தான் என் கைக்குத் தெரிகிறது. செல்லம்மா கையை நன்றாக அனலில் காட்டிக்கொண்டு வரட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு, நாளைக் காலையில் நானும் வரிசையில் நிற்கப் போகிறேன்.