கீழ் ஹால் கூட்டம்

திருக்கடையூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வீடியோ மேட்ரிக்ஸ் சுவிட்ச் பொருத்தினேன். ஃபைபர் கேபிளில் வரும் எந்த ஹாலின் படத்தையும் எந்தத் திரைக்கும், வெளிநாட்டுக்கும்கூட, ஒரே பட்டனில் திருப்பிவிடலாம். முதல் நாள் நானே இயக்கினேன்.

மாடி ஹாலில் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். கனடாவிலிருந்து மகன் நேரலையில் பார்ப்பதாக ஏற்பாடு. சடங்கு தொடங்குமுன் அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, கீழ் ஹால்ல வேற வீட்டுக் கல்யாணம், நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்தை மட்டும் அப்பப்ப எம் பையனுக்குக் காட்டுங்க. இங்க காலி நாற்காலியப் பாத்தா சங்கடப்படுவான்."

அப்படியே செய்தேன். தாலி கட்டியதும் மகன் போனில் வந்தான். ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்டது.

"கூட்டம் அமோகம்ப்பா! நான் வராதது ஒரு குறையாவே தெரியல. இப்பதான் நிம்மதியா இருக்கு."

"ஆமாம்ப்பா," என்றார், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி.

அவனை என்றாவது ஊருக்கு இழுத்திருக்கக்கூடிய ஒரே உறுத்தலையும் நான்தான் பட்டனைத் தட்டித் துடைத்துவிட்டேன்.