என் மகள் பாட்டை வெறுக்கவில்லை

என் மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆலயத்தில் வைத்தே சொன்னார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது.

ஜெமிமாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளை ஆலயத்துக்குக் கூட்டிப்போவேன். ஆராதனை தொடங்கும்போது ஒரு கீர்த்தனை பாடுவார்கள். அதே கீர்த்தனையை வீட்டில் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். ஆலயத்தில் தொடங்கினாலோ காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள்.

பாடகர் குழுவில் முன்னால் நிற்கும் கிறிஸ்டி அக்கா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா மெர்சி, ஆண்டவர் பாட்டக் கேட்டாலே அலறுதாளே, இது சும்மா இல்ல. உள்ள இருக்கது தாங்க மாட்டாம அலறுது."

உபவாசக் கூட்டத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே போ, வெளியே போ என்று கத்தினார். அவர் கையைக் கடித்துவிட்டாள். நன்றாகக் கடித்தாள். இன்றும் நான் அதற்காக வருத்தப்படவில்லை. அதன்பிறகு கமிட்டியில் பேசி, "சுகம் கிடைக்கிற வரைக்கும் வீட்லயே வச்சிக்கிடுங்க" என்றார்கள்.

ஞாயிறு காலையில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். ஆலயத்து ஒலிபெருக்கி எங்கள் தெருவரை கேட்கும். கீர்த்தனை தொடங்கியதும் ஜெமிமா கட்டிலுக்கு அடியில் புகுந்து அலறினாள். நானும் தரையில் விழுந்தேன். பக்தியாக ஜெபிக்கவில்லை. சண்டை போட்டேன். "பிள்ளைகளைத் தடுக்காதே என்றவர் நீர்தானே? உம்முடைய வீட்டிலேயே இவளைத் தடுக்கிறார்கள். இவளை மாற்றும் என்று கேட்கவில்லை. இவள் எதற்கு அழுகிறாள் என்று மட்டும் எனக்குச் சொல்லும். சொல்லாமல் விடமாட்டேன்."

அந்த மாதமே ஜெமிமாவின் சிறப்புப் பள்ளிக்கு இசைச் சிகிச்சை தர பிரியா டீச்சர் வந்தார். அவளை எதற்கும் வற்புறுத்தவில்லை. அவள் மேளத்தைத் தட்டினால் அவரும் தட்டினார். அவள் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். நான் ஆலயத்தில் நடந்ததைச் சொன்னேன். "பாடுறத போன்ல பிடிச்சிட்டு வாங்கக்கா" என்றார். ஒலிபெருக்கியில் வந்ததை ஜன்னலோரம் நின்று பதிவு செய்து கொண்டுபோனேன்.

கேட்டுவிட்டு டீச்சர் கீபோர்டில் அதை வாசித்தார். முதலில் எங்கள் வீட்டுப் போனில் இருக்கிற சுருதியில். ஜெமிமா கூடவே முனகினாள். பிறகு ஆலயத்துச் சுருதிக்கு இறக்கினார். ஒரே அலறல். ஓடிவந்து டீச்சரின் கையைத் தள்ளிவிட்டு, பழைய சுருதியின் மேல் கட்டையை விடாமல் அழுத்தினாள்.

"அக்கா, இவளுக்கு ஒவ்வொரு சுரமும் தனித்தனியாத் தெரியுது. இறக்கிப் பாடினா நமக்கு அதே பாட்டுதான். இவளுக்கு முழுக்கத் தப்பு. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி இருக்காது, ஜெமிமாவுக்கு இருக்கு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆண்டவர் சொல்லிவிட்டார். கேட்டதைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு நேராகக் கீபோர்டு வாசிக்கும் செல்வின் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, முதல் பாட்ட இறக்காம வாசிங்க."

"ஏளா, பொம்பளையளுக்கு எட்டாதுன்னுதான இறக்குதேன்."

"என் தொண்டையும் கிழியட்டும். கிழிஞ்சா சுக்கு போட்டுக்கிடலாம்."

சிரித்துக்கொண்டே ஏற்றினார். மேல் ஸ்தாயியில் கிறிஸ்டி அக்காவின் குரல் கீச்சென்று உடைந்தது. என் குரலும்தான். ஜெமிமா அலறவில்லை. வார்த்தை இல்லாமல், ஒரு சுரம் பிசகாமல், கடைசிவரை பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் கிறிஸ்டி அக்கா கையை உயர்த்தினார். "ஸ்தோத்திரம்! பேய் போயிட்டு பாத்தியா!"

"என்னது போயிட்டு? ஒண்ணும் போவல. சுருதிதான் ஏறிச்சி."

போதகர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். எங்களிடம் வந்து, "நாங்க அவசரப்பட்டுட்டோம். இனி இந்தச் சுருதியிலேயே பாடுவோம்" என்றார். பெரிய வார்த்தை. ஏற்றுக்கொண்டேன்.

என் மகளுக்கு இன்றும் ஆட்டிசம் இருக்கிறது. சுகமானாள் என்று நான் பொய் சாட்சி சொல்லமாட்டேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த மெட்டில் 'தண்ணி' என்று பாடுகிறாள், 'போதும்' என்று பாடுகிறாள். ஒருமுறை பிரசங்கம் நீண்டபோது சத்தமாகப் 'போதும்' பாடினாள். போதகரே சிரித்துவிட்டார். பலருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்று எனக்குத் தெரியும்.

மாறியது நான்தான். முன்பெல்லாம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பேன். இப்போது கேட்பதில்லை. கர்த்தர் அவளைத் தவறாகப் படைக்கவில்லை, அவருக்கு ஸ்தோத்திரம்.

பிள்ளை கத்துவானே என்று பயந்து ஞாயிற்றுக்கிழமை கதவை அடைத்துக்கொண்டிருக்கிற அம்மாமாரே, ஜெபியுங்கள். அழகாக ஜெபிக்க வராவிட்டால் கோபமாக ஜெபியுங்கள், அவர் தாங்குவார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் வாருங்கள். கடைசி பெஞ்சில் ஒதுங்க வேண்டாம். முன்னால் வந்து உட்காருங்கள். நாங்கள் அங்கேதான் இருக்கிறோம்.