தம்பி செய்த பேசும் கார்

விழுப்புரத்தில் தம்பியின் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. சின்ன வயதில் நாங்கள் டிவியில் பார்த்த பேசும் காரை, ஒரு பழைய அம்பாசடரை அறுத்து ஒட்டி, அப்படியே செய்து வைத்திருந்தான். சுவிட்சைத் தட்டினான். முன்பக்கம் சிவப்பு விளக்கு இடமும் வலமுமாக ஓடியது.

திண்டிவனத்தில் எதிர்வீட்டு டிவியில் அந்த விளக்கு ஓடும்போது அப்பா வாசற்படியிலேயே நின்றுவிடுவார். வாடகைக் கார் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையில் பீடியும் டீசலும் மணக்கும். "தானே பிரேக் போட்டுக்குது பாரு! இது மாதிரி ஒண்ணு இருந்தா நான் தூங்கிக்கினே போவேன்" என்று சிரிப்பார்.

அந்த வைகாசியில் அடுத்தடுத்து முகூர்த்தங்கள். அப்பா சரியாகத் தூங்கவேயில்லை. கல்யாணக்காரர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது கண்ணயர்ந்துவிட்டார். கார் புளியமரத்தில் மோதியது. தம்பி அழவில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் காரா இருந்திருந்தா நின்னிருக்கும்க்கா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டேயிருந்தான்.

அப்பா செத்த வயதை இப்போது அவன் தாண்டிவிட்டான்.

"ஒரு ரவுண்டு போலாமாடா?" என்றேன்.

பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னான். "இன்ஜின் வெக்கலக்கா. இது எங்கயும் போவாது."