பூனையைப் பிடித்திருக்கும் கை

மரகதம் மேடம் போய்விட்டார். நேற்று இரவு, பெசன்ட் நகர் வீட்டில், தூக்கத்திலேயே.

தூக்கத்தைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சி எல்லாம்...

செய்தி என்னிடம் வந்து சேர்ந்த விதம்தான் குமட்டுகிறது. எங்கள் பழைய ஹெச்.ஓ.டி. காலையில் முகநூலில் போட்டிருந்தார். "என் மாணவி மரகதம் மறைந்தார்."

மாணவியாம்! இரண்டு பேரும் ஒரே சமயத்தில் லெக்சரராகச் சேர்ந்தவர்கள். அவர் வகுப்பில் மேடம் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு சார்!"

நானும் கமெண்ட் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். இந்த வயதிலும் அந்த மனிதரிடம் பயம். இங்கேயும் அவர் பெயரை எழுதப் போவதில்லை.

தெரியாதவர்களுக்காக: எழுபதுகளின் தொடக்கத்தில் மேடம் எங்கள் கல்லூரியில் மூளையும் நரம்பும் பற்றிப் பாடம் எடுத்தார். நான் அவருக்கு டெமான்ஸ்ட்ரேட்டர். பூனையின் தலையில் மெல்லிய கம்பி பொருத்தி, அது தூங்கும்போது மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதச் சுருளில் பதிவு செய்வோம். மெஷினை அவரே பிரிப்பார், அவரே மாட்டுவார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவருடைய வகுப்பு. பையன்கள் தூங்கி விழுவார்கள். மேடம் திட்டியதே இல்லை.

ஒருமுறை முன் பெஞ்சிலேயே ஒருவன் தூங்கிவிட்டான். மேடம் குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் மெதுவா வாங்க. இவன் இமைக்குள்ள முழி ஓடுது பாருங்க. கனவு காண்றான். எழுப்பிடாதீங்க" என்றார்.

முப்பது பேர் சுற்றி நின்று பார்த்தோம். அவன் திடுக்கிட்டு எழுந்து, "பிரசன்ட் மேடம்!" என்றான்.

பூனைகள் ஊரூர் குப்பத்திலிருந்து வரும். கூடை தூக்க நானும் கூடப் போவேன். அங்கே மீன் விற்கிற ஒரு அம்மாவுக்கு மேடத்தைப் பார்த்தாலே சிரிப்பு.

"இன்னாம்மா, மறுபடியும் பூனையா? தூக்கினு போய் இன்னாதான் பண்ற?"

"தூங்க வச்சுப் பார்ப்போம்."

"இங்கியே அதான பண்ணிக்கினு கீது! இதுக்கு சம்பளம் வேற குடுக்கறானா உனக்கு?"

மேடம் மணலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பூனைகளுக்கு மீன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம்.

அந்த மீனில்தான் வந்தது வம்பு.

ஹெச்.ஓ.டி. பூனை அறைக்குள் கால் வைக்க மாட்டார். வாசலில் நின்று, கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு பேசுவார். "மரகதம், இது காலேஜ்ம்மா. மீன் மார்க்கெட் இல்ல. பூனைன்னா பால் குடிக்கும். பால் சேங்ஷன் பண்றேன்."

பால் வந்தது. வளர்ந்த பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. முதல் நாளே கூண்டெல்லாம் நாறிப்போனது.

"மேடம், இன்னொரு நாள் பால் ஊத்துனா நான் வேலைய வுட்டுட்டு போய்க்கினே இருப்பேன்" என்றார் அட்டெண்டர் கபாலி.

அதன் பிறகு பூனைகளுக்கு சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் மீன். பாலில் கபாலி காபி போட்டார். ஹெச்.ஓ.டி.க்கும் தினம் ஒரு டம்ளர் போகும். "நம்ம டிபார்ட்மெண்ட் காபி மாதிரி வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது. முதல் பெயர் ஹெச்.ஓ.டி.யுடையது. இரண்டாவது பெயருக்கு உரியவர் அந்தப் பூனைகளைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. மூன்றாவதாக மேடம்.

மேடம் போய்க் கேட்டார். நான் வெளியே நின்றிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"பூனை யாருது? காலேஜுது. மெஷின் யாருது? டிபார்ட்மெண்டுது. பேப்பர் மட்டும் எப்படிம்மா உன்னுது?"

வெளியே வந்த மேடம் என்னைப் பார்த்து, "நல்லவேளை, தூக்கத்தையாவது பூனைக்கே விட்டுட்டார்" என்றார். முகம் சிவந்திருந்தது. நேரே சைக்கிள் ஷெட்டுக்குப் போய் மீன் வைத்தார்.

அப்புறம் மயிலாப்பூரில் ஒரு கருத்தரங்கு. மேடையில் ஹெச்.ஓ.டி. அந்தக் கட்டுரையைப் படித்தார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுந்து, பூனைகளுக்கு என்ன உணவு என்று கேட்டார்.

"பால். சுத்தமான பசும்பால்" என்றார் எங்கள் தலைவர், கொஞ்சமும் தயங்காமல்.

பக்கத்தில் இருந்த மேடம் என் காதருகே குனிந்தார். "குடிச்சது யாருன்னு இன்னும் அவருக்கே தெரியலை."

அந்தக் கட்டுரை ஹெச்.ஓ.டி.யை எங்கெங்கோ கொண்டுபோனது. மேடம் கடைசி வரை ப்ரொஃபசர் ஆகவில்லை. ரீடராகவே ரிடையர் ஆனார்.

இன்றைய பதிவில் ஹெச்.ஓ.டி. எழுதியிருக்கிறார்: "அந்தப் பூனைகளுக்கு என் கையாலேயே பால் ஊற்றினேன். மரகதம் கூடமாட உதவியாக இருந்தார்."

சீ... வேறு வார்த்தை வரவில்லை. நல்ல வார்த்தையாகத் தேடிப் பார்த்தேன்.

கூடவே ஒரு படம். அவர் கம்பீரமாக நிற்கிறார். பக்கத்தில் பூனை. ஓரத்தில் பூனையைப் பிடித்தபடி ஒரு கை, கறுப்பு வார் போட்ட ஆம்பளை வாட்ச், விரலெல்லாம் நகக்கீறல். மணிக்கட்டோடு படத்தை வெட்டியிருக்கிறார்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். படத்துக்காக மட்டும் அன்று அவர் உள்ளே வந்தார். கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். "சீக்கிரம் எடுங்க, சாருக்கு முகம் நீலமாகுது" என்று மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் படம் விழுந்தது.

வேறு எதிலாவது என் ஞாபகம் பிசகியிருக்கலாம். இதில் இல்லை. பிரிண்ட் பீரோவில் பத்திரமாக இருந்தது. பேரன் ஸ்கேன் செய்து கொடுத்தான்.

முழுப் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். என் நண்பர்களில் பலர் அவருக்கும் நண்பர்கள். பார்ப்பார். பார்க்கட்டும்...

இடது பக்கம், ஸ்டூலில் உட்கார்ந்து சிரிப்பவர்தான் மரகதம் மேடம்.

போய் வாருங்கள் மேடம். நன்றாகத் தூங்குங்கள்.